டம்ளருக்குள் டம்ளர், திறக்காத மூடி, இறங்காத டிகாக்ஷன்

பெரம்பூர்த் தோழியின் கேள்வி, ஜனவரி 2, இரவு 9.15

"அக்கா, எவர்சில்வர் டம்ளர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு. புத்தாண்டுக்கு வந்தவங்களுக்குக் காபி குடுத்துட்டு, வெந்நீர்ல கழுவி ஈரத்தோட அடுக்கி வெச்சேன். மறுநாள் எடுத்தா வரல. உள்ள வெந்நீர் ஊத்தினா கழண்டுரும்னு மாமியார் சொன்னாங்க. ஊத்தினேன், இன்னும் இறுகிருச்சு. இவர் கட்டிங் பிளேயரைத் தூக்கிட்டு வந்து நிக்கிறார். என்ன பண்றது? இன்னொண்ணு, உள்ள இருக்கிற டம்ளர் எங்களோடதே இல்ல. விளிம்புக்குக் கீழ வேற யாரோட இனிஷியலோ வெட்டியிருக்கு."

ஜனவரி 2, இரவு 9.40

முதலில் பிளேயரைக் கீழே வைக்கச் சொல்லு. விளிம்பு நெளிந்துவிட்டால் அப்புறம் வாய் வைத்துக் குடிக்க முடியாது, உதட்டை அறுக்கும்.

மாமியார் சொன்ன மருந்து சரிதான், ஊற்ற வேண்டிய இடம்தான் வேறு. உள் டம்ளரில் சூடு பட்டால் அது விரியும், வெளி டம்ளரை இன்னும் நெருக்கும். அதனால்தான் இறுகியது. நீ செய்ய வேண்டியது இது. உள் டம்ளரில் ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு ஐந்து நிமிடம் விடு. அகலமான பாத்திரத்தில் நல்ல வெந்நீர் எடுத்து, வெளி டம்ளர் மட்டும் முழுகுகிற மாதிரி நிறுத்து. அரை நிமிடம் போதும். துணி வைத்துப் பிடித்துத் திருகு. நேராக இழுக்காதே, திருகு.

ஜனவரி 2, இரவு 10.05

இவ்வளவு சின்ன விரிவுக்கு டம்ளர் கழன்றுவிடுமா என்று இதைப் படித்த தாம்பரத்து அண்ணன் கேட்கிறார். கழலும். எவர்சில்வர் ஒரு டிகிரிச் சூட்டுக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். ஏழரை சென்டிமீட்டர் வாய் உள்ள டம்ளர், உள்ளுக்கும் வெளிக்கும் 60 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 0.07 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி கிடைக்கும். ஒரு தலைமுடி கனம். மாட்டிக்கொண்டிருப்பதும் அந்த அளவில்தான்.

கண்ணாடி டம்ளருக்கு இதைச் செய்ய வேண்டாம். ஒரு பக்கம் ஐஸ், மறுபக்கம் கொதிநீர் என்றால் கண்ணாடி விரிசல் விட்டுக் கையிலேயே உடையும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பொறுமையும்தான்.

ஜனவரி 3, காலை 7.20

வந்துவிட்டதாம்! 'டப்'புன்னு சத்தம் கேட்டுச்சு, பயந்துட்டேன் என்று எழுதியிருக்கிறாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று நான் விரிவதைப் பற்றி மட்டும் எழுதினேன். அந்த 'டப்' காற்று உள்ளே பாய்கிற சத்தம். வெந்நீரில் கழுவிச் சூடாக அடுக்கியபோது இரண்டு டம்ளர்களுக்கும் நடுவே, அடியில், சூடான ஈரக் காற்று கொஞ்சம் மாட்டியிருக்கும். பக்கவாட்டில் இருந்த தண்ணீர் அதற்கு முத்திரை வைத்த மாதிரி அடைத்துவிட்டது. ராத்திரி ஆறியதும் காற்று சுருங்கியது, ஆவி தண்ணீரானது, உள்ளே அழுத்தம் குறைந்தது. வெளிக்காற்று டம்ளரை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. ஆக இரண்டு காரணம் சேர்ந்து வேலை செய்திருக்கிறது: ஆப்பு மாதிரி இறுகியது ஒன்று, காற்று பிடித்து வைத்தது ஒன்று.

இனிமேல் துடைத்து ஆறவிட்டு அடுக்கினால் போதும். வெறும் ஈரம் மட்டும் இருந்தால்கூட அவ்வளவு மாட்டாது. ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் தொல்லை.

ஜனவரி 3, காலை 11.00

தாம்பரத்து அண்ணா, நீங்கள் எழுதிய யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். மாட்டிய டம்ளரை அப்படியே கேஸ் அடுப்பில் காட்டுவது ஆபத்து. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வழி கிடைக்காமல் உள் டம்ளர் மேலே பறக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்தில் படும். வெந்நீர் அளவுச் சூடு போதும், நெருப்பு வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 4, மாலை 5.30

மதுரைத் தங்கை எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. மூணாவது படிக்கிற பையன். காலை ஏழு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதம் வைத்து, ரப்பர் வளையம் போட்ட எவர்சில்வர் டப்பாவை இறுக்கி மூடிக் கொடுத்திருக்கிறாள். மத்தியானம் அவனால் திறக்க முடியவில்லை. பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. டீச்சரிடம் கேட்கக் கூச்சம். சாயங்காலம் மூடிய டப்பாவோடு வந்து, "அம்மா நீ பூட்டிட்டியா?" என்று கேட்டானாம்.

இது டம்ளர் விஷயமேதான். மூடும்போது டப்பாவுக்குள் பாதி காற்று, பாதி நீராவி என்கிற நிலைமை. 80 டிகிரியில் மூடி 30 டிகிரிக்கு ஆறினால், அடைப்பு முழுசாக இருக்கும் பட்சத்தில், உள்ளே அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 12 சென்டிமீட்டர் அகல மூடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 50 கிலோவுக்கு மேல் ஒரு பாரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எட்டு வயசுக் குழந்தை எப்படித் திறப்பான்? அவன் கையில் பலம் இல்லை என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கே திறக்காது.

செய்ய வேண்டியது: சாதத்தைப் பத்து நிமிடம் திறந்து வைத்து, ஆவி அடங்கினதும் மூடு. அவனுக்கு ஒன்று சொல்லிக்கொடு. ஸ்பூன் காம்பை மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே ஓரத்தில் விட்டு லேசாக நெம்பினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். அப்புறம் மூடி தானாக வரும். இழுப்பதில் பலன் இல்லை, காற்றுக்கு வழி விட வேண்டும். ஒருமுறை அவன் முன்னால் செய்து காட்டு, குழந்தைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

ஜனவரி 4, இரவு 8.45

குக்கர் மூடியும் அதுதானா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதுவும்தான். நன்றாக ஆறிப்போன குக்கர் சில சமயம் திறக்காமல் முரண்டு பிடிக்கும். ஆவியெல்லாம் தண்ணீராகி உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகியிருக்கும். மேலே இருக்கிற வெயிட்டைத் தூக்கு, காற்று போகும், திறந்துவிடும்.

ஆனால் சூடாக இருக்கும்போது திறக்காத குக்கர் முற்றிலும் வேறு. அப்போது உள்ளே அழுத்தம் அதிகம், சுமார் 120 டிகிரிச் சூடு. அதைத் தட்டியோ நெம்பியோ திறக்கக் கூடாது. ஆறியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் காத்திருப்பதுதான் வழி.

ஜனவரி 5, காலை 6.10

காலைக் காபிக்கு நின்றுகொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது, உடனே எழுதுகிறேன்.

டிகாக்ஷன் இறங்காமல் அப்படியே நிற்கும் அல்லவா? மேலே வெந்நீர் ஊற்றி அரைமணி ஆகியும் கீழே நாலு சொட்டு. நாம் பொடியைக் குறை சொல்வோம். பல நாள் குற்றவாளி காற்றுதான்! மேல் பாகம் கீழ்ப் பாகத்தில் ஈரத்தோடு இறுக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. கீழே இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. மேலே கொதிநீர் விழுந்ததும் அந்தக் காற்று சூடாகி விரிந்து, துளைகள் வழியாக மேல்நோக்கி முட்டுகிறது. டிகாக்ஷன் எப்படி இறங்கும்?

மேல் பாகத்தைக் கொஞ்சம் தூக்கி, ஒரு நூல் அளவு சாய்த்து வை. சளசளவென்று இறங்க ஆரம்பிக்கும். எங்கள் அம்மா ஃபில்டரின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டினால் தூள் வழி விடும் என்பது அவள் விளக்கம். தட்டும்போது மேல் பாகம் கொஞ்சம் அசைந்து காற்று வெளியேறுகிறது என்று இப்போது நினைக்கிறேன். தட்டுவது சரி, அதில் சந்தேகமே இல்லை.

ஜனவரி 5, காலை 9.30

எல்லாவற்றையும் காற்றின் தலையில் கட்டாதே என்று கோவை அக்கா எழுதுகிறார். நியாயம். வேறு காரணங்களும் இருக்கின்றன. தூள் மைய அரைத்திருந்தால் துளை அடையும். சிக்கரி அதிகம் போட்டால் பிசுபிசுத்து மெல்ல இறங்கும். அழுத்தும் தட்டை ஓங்கி அழுத்தினாலும் அதே கதி. மாதக்கணக்கில் பழைய எண்ணெய்ப் பசையும் பொடியும் துளைகளில் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் பாகத்தை மட்டும் கவிழ்த்து அடுப்பில் காட்டி, ஒட்டியது கருகியதும் தட்டி, தேய்த்துக் கழுவ வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு துளையும் தெரிய வேண்டும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி: தூக்கிச் சாய்த்ததும் இறங்கினால் காற்று. இறங்காவிட்டால் தூள் அல்லது அடைப்பு.

ஜனவரி 6, மதியம் 2.15

பெரம்பூர்த் தோழி அந்த உள் டம்ளரை நன்றாகத் தேய்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். 'சு.வை. 4.9.87' என்று இருக்கிறதாம். அவள் வீட்டில் அந்த இனிஷியல் யாருக்கும் இல்லை.

தேதியைப் பார்த்தேன். 1987 செப்டம்பர் 4 வெள்ளிக்கிழமை, ஆவணி மாதம். கல்யாணமாகத்தான் இருக்கும். சீர்ப் பாத்திரத்தில் இப்படித் தேதி வெட்டுவது உண்டு. தினசரி உபயோகிக்க வாங்குவதில் பெரும்பாலும் வெறும் பெயரோடு நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் மாமா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். லீவுக்குப் போனால் எனக்கு அங்கேதான் பொழுது போகும். பெயர் வெட்டுகிறவர் வாசலில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பேனா மாதிரி ஒரு கருவி, வயரோடு, 'ர்ர்ர்ர்' என்று அதிரும். பாத்திரத்தைத் தொடையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதுவார். எழுதுவது என்றால் கோடு இழுப்பது இல்லை, நெருக்கமாகப் புள்ளி புள்ளியாக விழும், தூரத்தில் பார்த்தால் கோடாகத் தெரியும். 'ஜ' வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிப்பார், அந்தச் சுழி வளைந்து வர வேண்டும். பழைய பித்தளைப் பாத்திரங்களில் உளியால் வெட்டினதைத் தடவிப் பார்த்தால் விரலில் குத்தும். எவர்சில்வரில் சொரசொரப்பு மட்டும்தான். இனிஷியல் மாறிப் போய் ஒரு நாள் பெரிய சண்டை. எட்டு அண்டாவிலும் மாப்பிள்ளை வீட்டு எழுத்தை வெட்டிவிட்டார்கள், பெண் வீட்டார் இனிஷியல் வர வேண்டுமாம். தேய்த்தால் போகாது. கடைசியில் பெண்ணின் அப்பா, "இருக்கட்டும், அங்கதானே போகப் போகுது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

சு.வை. டம்ளரை ஒதுக்கி வைத்துவிடு. கல்யாணப் பாத்திரம் ஒருத்தருக்கு முக்கியமாக இருக்கும்.

ஜனவரி 8, இரவு 7.00

காந்தம் ஒட்டாவிட்டால்தான் அசல் எவர்சில்வர் என்று தாம்பரத்து அண்ணன் சொல்கிறார். கடைக்காரர்களே காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

304 என்பது நல்ல ரகம், சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் ஒட்டாது. 202 என்று ஒரு ரகம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது, விலை குறைவு, உப்பும் புளியும் பட்டுக்கொண்டே இருந்தால் 304 அளவுக்குத் தாங்காது. அதிலும் காந்தம் ஒட்டாது! ஆக, காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. நிக்கலே இல்லாத 430-இல் காந்தம் கப்பென்று ஒட்டும், அதற்காக அது மட்டமான பொருளும் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்புக்கு அந்த மாதிரி அடிதான் வேண்டும்.

இன்னொன்று பார்த்திருக்கிறீர்களா? நல்ல டம்ளரின் வயிற்றில் காந்தம் ஒட்டாது, விளிம்பில் மட்டும் லேசாக இழுக்கும். ஃபிரிஜ் மேல் ஒட்டுகிற காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் அந்த இழுப்பு நன்றாகத் தெரியும். தகட்டை அழுத்தி இழுத்து டம்ளராக்கி விளிம்பை மடிக்கும்போது அந்த இடத்தில் உலோகத்தின் உள்கட்டு மாறிவிடுகிறது. அதைக் கலப்படம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை மாமா கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

என்ன ரகம் என்று தெரிய வேண்டுமானால் அடியில் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, காலை 8.00

தேங்காயெண்ணெய் உறைந்து போச்சு, கலப்படமா? கேட்டவள் திருச்சித் தோழி.

இல்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறையும். மார்கழி ராத்திரிக்கு அது உறையத்தான் வேண்டும். ஆனால் உறைவதை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது, பனங்கொட்டைப் பருப்பு எண்ணெயும் கிட்டத்தட்ட அதே குளிரில் உறையும். நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையாது.

ஈர்க்குச்சி விட்டுக் கிண்டி, குச்சி உள்ளேயே உடைந்து, இப்போது எண்ணெயோடு குச்சியும் வருகிறதாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்து, குச்சியும் மிதந்து வரும். மார்கழி முடிகிறவரை வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வை, ஸ்பூனால் எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 11, இரவு 9.20

கோவை அக்கா வீட்டில் இன்றைக்கு நடந்தது. மருமகள் ரசம் வைக்க ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புளி கரைக்கத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் ஃபோன். திரும்பி வந்தால் பர்னர் மேல் சொம்பின் கழுத்து மட்டும் நிற்கிறது. அடி உருகி, வெள்ளி மாதிரிப் பளபளவென்று அடுப்பின் மேலே ஓடியிருக்கிறது. பாவம், அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். மாமியார் சீர், நாற்பது வருஷத்துச் சொம்பு.

அவளைத் திட்டாதீர்கள் அக்கா. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியில் உருகும். கேஸ் நெருப்பு அதைவிடப் பல மடங்கு சூடு. அப்படியிருந்தும் தினம் ரசம் வைக்க முடிகிறது என்றால், உள்ளே தண்ணீர் இருக்கிறவரை சொம்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது. தண்ணீர்தான் அதற்குக் காவல். அதனால் முதலில் புளித்தண்ணீர், அப்புறம் அடுப்பு. தீ சொம்பின் அடியைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. நுரை கட்டி வந்ததும் அணைத்துவிட வேண்டும். தாளிக்கிறது வேறு கரண்டியில்.

ஜனவரி 11, இரவு 9.50

சேர்த்துச் சொல்கிறேன். உருகின கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்! வெள்ளீயம் விலை ஏறின உலோகம், ஈயச் சொம்பு விற்கிற கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதே உலோகத்தில் வேறு சொம்பு செய்து தருவார்களா என்றும் கேளுங்கள். புதிதாக வாங்கும்போது காரீயம் கலக்காததுதானா என்று நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்குங்கள். காரீயம் உடம்புக்குக் கேடு, அதுவும் புளி பட்டால்.

ஜனவரி 13, காலை 7.45

போகி. எரிக்கிறதை எரித்து முடித்திருப்பீர்கள். பழைய பித்தளையை எடைக்குப் போடுகிறவர்கள் மட்டும் ஒரு நாள் பொறுங்கள். பொங்கப் பானை ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை என்று மதுரைத் தங்கையின் அதே பையன் கேட்டிருக்கிறான். கெட்டிக்காரன். தண்ணீரில் கொப்புளம் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கிறது. சூடாகும்போது மேலே ஆடை கட்டும், கொப்புளங்களுக்கும் புரதம் தோல் போர்த்திவிடும். ஆவி வெளியேற முடியாமல் நுரையாகச் சேர்ந்து ஆடையையே தூக்கிக்கொண்டு கிளம்பும். கஞ்சித் தண்ணீர் பொங்குவதற்கு மாவுச்சத்து காரணம்.

குறுக்கே மரக்கரண்டி வைத்தால் பொங்காது என்பார்கள். நுரை கரண்டியைத் தொட்டு உடையும், கொஞ்ச நேரம் தாங்கும். கரண்டி சூடேறி நனைந்துவிட்டால் அப்புறம் பால் அதையும் தாண்டி வரும். நம்பிவிட்டு வாசலுக்குப் போகாதீர்கள். பால் குக்கர் நம்பலாம். அதன் இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் இருக்கும், பாலுக்கு நேராக நெருப்பே படாது. விசில் வந்தால் தண்ணீர் கொதிக்கிறது, பால் தயார் என்று அர்த்தம்.

நாளைக்கு மட்டும் கரண்டியும் வேண்டாம், பால் குக்கரும் வேண்டாம். வாய் குறுகின பானை எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு ஊற்றுங்கள், தீ நன்றாக எரியட்டும். நுரை குறுகின கழுத்தில் ஏறும்போது வேகம் எடுக்கும்.

ஜனவரி 14, மதியம் 12.30

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும்.

பெங்களூரில் இருக்கிற தம்பி பொண்டாட்டி காலையிலேயே கூப்பிட்டாள். கேஸ் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்த இண்டக்‌ஷன் அடுப்பில் மஞ்சள் கொத்து கட்டிய பித்தளைப் பானையை வைத்தால், அடுப்பு 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைகிறது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, மாமியார் விளக்கேற்றிக் காத்திருக்கிறார்.

இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும், பித்தளை அதற்குப் பாத்திரமே இல்லை. மண்பானையும் அப்படித்தான். ஃபிரிஜ்ஜில் ஒட்டின காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பொடிசுகள் இரண்டும் சமையலறை முழுக்கக் காந்தத்தோடு ஓடியிருக்கின்றன. கடைசியில் கிடைத்தது இண்டக்‌ஷன் அடி போட்ட குக்கர். மூடி இல்லாமல், மஞ்சள் கொத்தை அதன் கைப்பிடியில் கட்டி, பால் ஊற்றிப் பொங்கவிட்டார்கள். பால் வழிந்து கண்ணாடித் தட்டில் விழுந்ததும் அடுப்பு மறுபடி கத்தியதாம். "பொங்கலோ பொங்கல்" சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வழிந்த பால் கண்ணாடியில் காய்வதற்குள், சூடு தணிந்ததும் ஈரத்துணியால் எடுத்துவிடணும். கருகிவிட்டால் சோடா உப்பைக் குழைத்துப் பூசி ஊறவிட்டுத் துடைக்கலாம். கம்பி நார் போடாதீர்கள், கீறல் விழும்.

ஜனவரி 16, இரவு 8.10

சு.வை. பற்றித் தகவல்.

காணும் பொங்கலுக்குப் பெரம்பூர்த் தோழி கீழ்வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போயிருக்கிறாள், டம்ளரையும் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "இது என்னோடது இல்லடி, ஆனா எங்கூட வா" என்று சமையலறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே ஒரு அலமாரித் தட்டு முழுக்க வேறு வேறு பெயர் போட்ட பாத்திரங்கள். ஒரு தூக்கு, நாலைந்து கிண்ணம், ஒரு ஜோடு இல்லாத டபரா, மூடி மட்டும் இருக்கிற சம்புடம். மாடிவீட்டுச் சுண்டல் வந்த கிண்ணம், சீமந்தத்துக்குப் புளியோதரை வந்த தூக்கு. திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கக் கூடாது, ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கணும், அதற்கு நாள் பார்த்துக்கொண்டே இருக்கையில் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றாராம் பாட்டி.

அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பாட்டியைப் பார்க்கணும் போல இருக்கிறது. ஃபிளாட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தால் கழுவித் தூக்கிப் போடுகிறார்கள். பெயர் வெட்டின கிண்ணம் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்கிற கடமையும் கூடவே வருகிறது. அதற்காகவே நான் இன்னும் எவர்சில்வர் கிண்ணத்தில்தான் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது எதிர்வீட்டு மோர்க்களியோ கொழுக்கட்டையோ இருக்கும்.

அந்த வளாகத்தின் வாட்ஸாப் குழுவில் டம்ளர் படத்தைப் போடலாமா என்று தோழி கேட்கிறாள். தாராளமாகப் போடு. தேதியை மட்டும் மறைத்துப் போடு, சொந்தக்காரர் தேதியைச் சொல்லட்டும்.

ஜனவரி 17, மாலை 6.40

சொந்தக்காரர் யாரும் வரவில்லை. அந்தப் படத்துக்கு அடியில் மற்றவர்கள் தங்கள் வீட்டில் இருக்கிற வேற்றுப் பாத்திரங்களைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்களாம். பாட்டியின் தட்டிலிருந்த தூக்குக்கு ஆள் கிடைத்துவிட்டது, மூன்றாவது மாடி. சம்புடத்தின் அடிப்பாகம் செக்யூரிட்டி அறையில் சாவி போட்டு வைக்கிற பாத்திரமாக இருந்திருக்கிறது.

ஜனவரி 19, காலை 10.20

மதுரைத் தங்கைக்கு: பையன் ஸ்பூன் காம்பால் தானே திறந்தான், வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்குத் திறந்து கொடுத்தான் என்று படித்தேன். ரொம்ப சந்தோஷம். அந்த ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவு. அதன் பள்ளத்தில் சாம்பார் தங்கினால் நாற்றம் வரும், வளையமும் சீக்கிரம் விறைத்துப் போகும். ஸ்பூனை ஒரே இடத்தில் விட்டு நெம்பினால் அந்த இடத்தில் வளையம் கிழியும், இடம் மாற்றி மாற்றி விடச் சொல்லு.